பக்கத்து சீட்டு வந்தாச்சா?

எங்கள் டூர் ஆபீசில் இப்போது பஸ்ஸில் ஏறும்போதே போனை நீட்டி ஒரு கட்டத்தைக் காட்ட வேண்டும். 'டிங்' என்று சத்தம் வந்தால் ஆள் ஏறியாச்சு. வராத ஆளின் பெயர் சிவப்பில் நிற்குமாம். ரிட்டயர் ஆன பிறகும் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் போனால் கால் தானாக ஆபீஸ் படியேறிவிடுகிறது. அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தபோது புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் கேட்டார்கள், இந்தக் கருவி எதுவும் இல்லாமல் ஒரு பஸ் ஜனத்தைப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போய் எப்படி அண்ணே முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்தீர்கள் என்று. முழுசாகக் கொண்டுவந்தேன் என்று உங்களுக்கு யார் சொன்னது என்றேன். டீ கிளாஸை வைத்துவிட்டு சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். சொன்னதை எழுதியும் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். எனக்கு மைக் பிடித்துத்தான் பழக்கம், பேனா பிடித்துப் பழக்கமில்லை. அதனால் மைக்கில் பேசுகிற மாதிரியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஏழுமலை. வேப்பம்பட்டில் பிறந்தவன். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். எனக்குச் சேறு ஆகவில்லை, பஸ் ஆகிவந்தது. கிளீனராகச் சேர்ந்து கண்ணாடி துடைத்தேன், டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன், பின்னால் நின்று 'வரட்டும் வரட்டும்' என்று தொண்டை கட்டக் கத்தினேன். அந்தக் கத்தலைக் கேட்டுத்தான் முதலாளி, இவனுக்கு மைக்கே வேண்டாம் போலிருக்கிறதே என்று சொல்லி என்னை டூர் மேனேஜர் ஆக்கினார். நான் கற்ற கல்வி அவ்வளவுதான்.

பாண்டிச்சேரிக்கு எத்தனை தடவை போனேன் என்று கேட்காதீர்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் வேலை செய்கிற ஜனத்துக்குக் கிடைப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஒரு நாளில் சாமியும் வேண்டும், கடலும் வேண்டும், போட்டிங்கும் வேண்டும், சாயங்காலம் ஊடு திரும்பவும் வேண்டும். பாண்டிச்சேரி அதற்கென்றே செய்து வைத்த ஊர். காலையில் பிள்ளையார், அப்புறம் பழைய சர்ச், மத்தியானம் சுண்ணாம்பாற்றில் போட், பொழுது சாயக் கடற்கரைச் சாலை. இதில் சர்ச்சை மட்டும் விட்டுவிட்டால் எங்கள் ஜனம் சண்டைக்கு வந்துவிடும். பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் நெற்றியில் விபூதியும் குங்குமமுமாக இருப்பார்கள். ஆனால் மெழுகுவர்த்தி ஏற்றாமல் வந்தால் பாண்டிச்சேரி போன கணக்கிலேயே சேராது. இளவட்டங்கள் வேறு ரகம். அவர்களுக்கு மஞ்சள் சுவர் வேண்டும், அதில் சாய்ந்து ஒரு காலை மடக்கிப் போட்டோ எடுக்க வேண்டும், நுரையில் இதயம் வரைந்த காபியைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆறிப்போன காபிக்கு அத்தனை அழகு எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வரதன். ஒரே ஒரு பழைய பஸ்ஸை வைத்துத் தொடங்கியவர். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. நல்ல நாளில் எங்களை 'டேய்' என்பார், 'ஏய்' என்பார், அம்மாவைக்கூட இழுப்பார். கோபம் வந்துவிட்டால் மட்டும் மரியாதை வந்துவிடும். "வாங்க ஏழுமலை சார், உக்காருங்க" என்று சொல்லிவிட்டார் என்றால் அன்றைக்கு நம் கதை முடிந்தது என்று அர்த்தம். டிரைவர் தாஸ் ஒருமுறை வண்டியை மரத்தில் உரசிக் கொண்டுவந்து நிறுத்தினான். முதலாளி எழுந்து நின்று, கைகூப்பி, தாஸ் சார் டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். தாஸ் அங்கேயே அழுதுவிட்டான்.

அந்த முதலாளி கண்டுபிடித்ததுதான் பக்கத்து சீட்டு முறை. மற்ற டூர்க்காரர்கள் தலை எண்ணுவார்கள். எங்கள் முதலாளி தலை எண்ணுவதை நம்ப மாட்டார். நீ எண்ணி முடிப்பதற்குள் ஒருவன் சிகரெட்டுக்கு இறங்குவான், ஒரு குழந்தை சீட்டுக்கடியில் செருப்புத் தேடும், ஒரு அம்மா பின்னால் போய்த் தங்கச்சியோடு உட்கார்ந்துகொள்வாள், நீ எண்ணி என்ன கிழிக்கப் போகிறாய் என்பார். அதனால் ஏறியதும் நான் மைக்கில் சொல்ல வேண்டியது இது. சீட்டு மாறக் கூடாது. உங்கள் பக்கத்து சீட்டுக்காரர்தான் இன்றைக்கு உங்கள் ஜோடி. எங்கே இறங்கினாலும் ஜோடியாகப் போங்கள், ஜோடியாக வாருங்கள். ஜோடியை விட்டுவிட்டுத் தனியாக ஏறக் கூடாது. வண்டி கிளம்புமுன் நான் கேட்பேன், "பக்கத்து சீட்டு வந்தாச்சா?" வந்திருந்தால் வாயைத் திறக்காதீர்கள். வராவிட்டால் மட்டும் 'ஆள் இல்லை' என்று கத்துங்கள்.

கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். இன்னொரு தடவை கேட்பேன். சத்தம் இல்லை என்றால் தாஸுக்கு ரைட் கொடுப்பேன். அவ்வளவுதான். புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டுக்கொண்டு வந்தால்கூட, வண்டி கிளம்புகிறது என்றதும் பெண்டாட்டி முதல் ஆளாகக் கத்துவாள். முன்பின் தெரியாத இரண்டு பேர் ஜோடியாக உட்கார்ந்து, திரும்பி வரும்போது போன் நம்பர் வாங்கிக்கொண்டதும் உண்டு. அந்த முறையில் வருஷக்கணக்காக ஒரு ஆளைக்கூட நாங்கள் தொலைக்கவில்லை.

ஒரே ஒரு ஆளைத் தவிர. அது நான்தான்.

எனக்கு சீட்டு கிடையாது. கதவை ஒட்டி ஒரு மடக்குப் பலகை, அதுதான் என் இடம். பலகைக்குப் பக்கத்தில் ஏது சீட்டு? ஒருமுறை திண்டிவனத்தில் டீக்கு நிறுத்தினோம். நான் வழக்கம்போலக் கேட்டேன், சத்தமில்லை, ரைட் கொடுத்தேன். கொடுத்த பிறகு, கடையில் மப்ளரை விட்டுவிட்டோமே என்று இறங்கி ஓடினேன். தாஸ் ரைட் கேட்டவன், கிளம்பிவிட்டான். கையில் மப்ளரும் வாயில் பாதி வடையுமாக நான் ரோட்டில் நிற்கிறேன், என் பஸ் போகிறது. யார் கத்துவார்கள்? யாருக்கும் ஜோடி குறையவில்லையே. அப்புறம் ஒரு காய்கறி லாரியில் முட்டைக்கோஸ் மூட்டைமேல் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தேன். திங்கட்கிழமை முதலாளி ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "உலகத்துக்கே ஜோடி சேக்கிறீங்க, உங்களுக்கு ஒண்ணு பாத்துக்கலையே ஏழுமலை சார்." ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துத்தான் வைத்தேன்.

இனி அந்தப் பெரிய சங்கதிக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்தது.

எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிற கௌரி என்ற பெண் ஆபீசுக்கு வந்தாள். ஆறு மாத வயிறு. அடுத்த ஞாயிறு பாண்டிச்சேரிக்கு இரண்டு சீட்டு வேண்டும் என்றாள். ஒன்று அவள் அம்மாவுக்கு, ஒன்று மாமியாருக்கு. போட்டுத் தருகிறேன் தாயி என்று சொல்லி நிமிர்ந்தால், அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பதறிவிட்டது. உட்காரவைத்து மோர் வாங்கிக் கொடுத்தேன். மெதுவாகச் சொன்னாள்.

அவள் அம்மா சரோஜா, கொரட்டூர் ஏரிக்கரைப் பக்கம் தையல் கடை வைத்திருப்பவர். மாமியார் பேபி, திருமுல்லைவாயிலில் இட்லிமாவு வியாபாரம். காதல் கல்யாணம், இரண்டு வீடும் ஒத்துக்கொண்டுதான் நடந்தது. நடந்த அன்றே கெட்டும் போனது. காரணம் பாயசம். மாப்பிள்ளை வீட்டுப் பந்தி உட்காரும்போது பாயசம் தீர்ந்துவிட்டது. பாயசம் போடக்கூட வக்கில்லையா என்று பேபியம்மா சத்தமாகக் கேட்டுவிட்டார். உங்கள் ஆட்கள் ஒரே பந்தியில் எழுந்திருந்தால் மிஞ்சியிருக்கும், இரண்டிரண்டு பந்தி உட்கார்ந்தால் நான் கடல்தண்ணியையா காய்ச்சி ஊற்றுவது என்று சரோஜாம்மா திருப்பிக் கேட்டுவிட்டார். அத்தனை ஜனத்துக்கு நடுவே. அன்றைக்கு நின்றது பேச்சு.

அடுத்த மாதம் வளைகாப்பு. அவள் வந்தால் நான் வளையல் போட மாட்டேன் என்கிறார் அம்மா. அவங்க வந்தால் நான் கோயிலில் போய் உட்கார்ந்துகொள்கிறேன் என்கிறார் மாமியார். கௌரி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எப்படியாச்சும் ரெண்டு பேரையும் ஒரே சீட்ல உக்கார வெச்சிடுங்கண்ணா. ஒரு நாள் முழுக்க பக்கத்துல இருந்தா ஒரு வார்த்தையாச்சும் பேச மாட்டாங்களா? எனக்கு ரெண்டு கையிலயும் வளையல் வேணும்ணா." இதைக் கேட்டுவிட்டு முடியாது என்று சொல்கிறவன் மனுஷனா? சரி என்றுவிட்டேன். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியக் கூடாது, கௌரி சொல்லித்தான் இது நடந்தது என்பது இருவருக்குமே தெரியக் கூடாது. அது மட்டும் கண்டிஷன்.

ஞாயிற்றுக்கிழமை வேப்பம்பட்டில் கிளம்பி ஆவடி வழியாக வந்தோம். திருமுல்லைவாயிலில் பேபியம்மா ஏறினார். நல்ல உடம்பு, மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி, இடுப்பில் சுருக்குப்பை. பின்பக்கம் ஒரு ஜன்னல் சீட்டைக் காட்டினேன். அவருக்குப் பக்கத்து சீட்டில் தண்ணீர் பாட்டில் பெட்டியைத் தூக்கி வைத்து மறித்தேன். கொரட்டூரில் சரோஜாம்மா ஏறும்போது பஸ் நிறைந்துவிட்டது. பெட்டியை எடுத்து, இங்கே உட்காருங்கள் அம்மா என்றேன்.

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். பஸ்ஸில் ஏசி அன்றைக்கு நன்றாக வேலை செய்தது, ஆனாலும் எனக்கு வியர்த்தது.

சரோஜாம்மா என்னிடம், தனக்கு ஜன்னல் இல்லாவிட்டால் வாந்தி வரும், வேறு இடம் கொடு என்றார். வேறு இடம் ஏது? பேபியம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது போல, "வாந்தி வந்தா கவர் கீது, வாங்கிக்கச் சொல்லு மைக்கு" என்றார். அன்றிலிருந்து நான் மைக்கு. சரோஜாம்மா இறங்கிப் போயிருப்பார். ஆனால் வண்டி பைபாஸ் ஏறிவிட்டது. சீட்டின் ஓரத்தில் பாதி உடம்பை வைத்து, முகத்தை நடைபாதைப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். பிள்ளையார் கோயில் வரை அப்படியே வந்தார். கழுத்து சுளுக்கியிருக்கும்.

நான் மட்டும் மைக்கில் வழக்கத்தைவிட அழுத்திச் சொன்னேன். ஜோடியை விட்டுவிட்டுத் தனியாக ஏறுகிறவர்களை நான் ஏற்ற மாட்டேன் என்று ஒரு மிரட்டலும் சேர்த்தேன். அதுதான் வினையாகப் போயிற்று.

ரயில்வே ஸ்டேஷனுக்கு அருகே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பெரிய சர்ச் இருக்கிறது. பார்த்திருப்பீர்கள். உள்ளே போனால் வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் தரையில் நீலமும் சிவப்புமாக விழும். எவ்வளவு வாயாடிகளாக இருந்தாலும் உள்ளே போனதும் குரலைத் தணித்துக்கொள்வார்கள். நான் அங்கே எப்போதும் கொஞ்ச நேரம் கடைசி பெஞ்சில் உட்காருவேன், மைக்குக்கும் ஓய்வு வேண்டுமல்லவா. அன்றைக்கு என் கண் அந்த இரண்டு பேர்மேல்தான். இருவரும் தனித்தனியாக மெழுகுவர்த்தி வாங்கினார்கள். ஆளுக்கொரு மூலையில் ஏற்றினார்கள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பேரும் வேண்டியது ஒரே பிரசவத்தைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றியது. சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

வண்டி எதிர்த் தெருவில் நின்றிருந்தது. எல்லோரும் ஏறினார்கள். கேட்டேன், "பக்கத்து சீட்டு வந்தாச்சா?" சத்தமில்லை. இரண்டாம் தடவை கேட்டேன். சத்தமில்லை. பின்பக்கம் ஒரு குடும்பம் கடலோரத் தொப்பிகளை வாங்கி சீட்டு முதுகுகள்மேல் வரிசையாக மாட்டி வைத்திருந்தது, பார்த்தால் ஆள் இருக்கிற மாதிரிதான் இருந்தது. போதாக்குறைக்கு அந்தப் பக்கம் சரோஜாம்மா போன் வேறு அடித்தது. அம்மா போனை எடுக்காமல் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து, ரைட் கொடுத்தேன்.

சுண்ணாம்பாற்றில் போட்டில் ஏறுமுன் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட். ஜோடி ஜோடியாக வரச்சொல்லி நான்தான் கொடுத்தேன். எல்லோரும் மாட்டிக்கொண்டு போட்டோ எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். என் கையில் இரண்டு ஜாக்கெட் மிஞ்சியது.

பஸ்ஸுக்கு ஓடினேன். சரோஜாம்மாவின் போன் சார்ஜரில் தொங்குகிறது, அவருடைய பையும் சீட்டில் இருக்கிறது, பேபியம்மாவின் போனும் அதே பிளக்கில் இருக்கிறது. ஆட்கள் இல்லை. ஒருவர் தொலைந்தால் மற்றவர் கத்துவார். இருவரும் ஒன்றாகத் தொலைந்தால் கத்துவதற்கு யார் இருக்கிறார்கள்? முதலாளியின் முறையில் இப்படி ஒரு ஓட்டை இருப்பது அத்தனை வருஷம் எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

பயணிகளை தாஸ் பொறுப்பில் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் ஒரே நினைப்பு. பேசாத இரண்டு பேர், தெரியாத ஊர், தலைக்குமேல் வெயில். சண்டை முற்றி ஆளுக்கொரு பக்கம் போயிருந்தால்? ஒருவர் மயங்கி விழுந்திருந்தால்? அந்தப் பெண் முகத்தில் எப்படி விழிப்பேன்? சேர்த்து வைக்கிறேன் என்று போய், சம்பந்திகளை ஜென்மத்துக்கும் பிரித்த புண்ணியவான் ஆகிவிடுவேனே. சாதாரணமாக எல்லாச் சாமியையும் ஒரே நேரத்தில் கூப்பிடுகிற ஆள் இல்லை நான். அன்று கூப்பிட்டேன்.

சர்ச்சில் அவர்கள் இல்லை. வாசலில் மெழுகுவர்த்தி விற்கிற அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்ததும் தலையை ஆட்டிக்கொண்டு, "ஓ, அது நீதானா? ரெண்டு பேரும் உன்னைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டு சாப்பிடப் போனாங்க" என்றார். இரண்டு பேரும் சேர்ந்தா என்று கேட்டேன். சேர்ந்துதான் என்றார். நான் அந்த அம்மாவிடம் ஒரு கட்டு மெழுகுவர்த்தி வாங்கினேன், அப்போதைக்கு வேறு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன மெஸ். வாசலிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், வாழை இலைக்கு முன்னால் சரோஜாம்மாவும் பேபியம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்கள். பேபியம்மா முந்தானையால் முகத்தைத் துடைக்கிறார். பரிமாறுகிற ஆள் கையில் காலி வாளியோடு, நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன் என்று திருதிருவென்று முழிக்கிறான். பிறகுதான் தெரிந்தது. பேபியம்மா இரண்டாம் தடவை பாயசம் கேட்டிருக்கிறார். அவன், பாயசம் தீர்ந்துபோச்சும்மா என்றிருக்கிறான்.

நான் அப்படியே வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் பேபியம்மா பார்த்துவிட்டார். சிரிப்பு இரண்டு முகத்திலும் ஒரே நேரத்தில் அணைந்தது.

"யோவ் மைக்கு, வா இப்டி. இட்டுகினு வந்து நடுத்தெருவுல உட்டுட்டு நீ பாட்டுக்கு பூட்ட? என் சம்மந்திக்கு வெயிலு ஆவாது, தெரியுமா உனக்கு?"

என் சம்மந்தி. காதில் தேன் வந்து பாய்ந்தது. சரோஜாம்மாவும் விடவில்லை. பேபியம்மாவுக்கு சர்க்கரை இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், நீ பாட்டுக்கு மத்தியானத்துக்கு வைத்திருந்த புளிசாதத்தையும் வண்டியோடு கொண்டுபோய்விட்டாயே என்று பிடித்துக்கொண்டார். சர்க்கரை இருப்பவர் எதற்கு இரண்டாவது பாயசம் கேட்டார் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

திட்டுக்கு நடுவே நடந்ததைத் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். பேபியம்மா சர்ச்சுக்குப் பின்பக்கம் பாத்ரூம் போயிருக்கிறார். நான் போட்ட மிரட்டலால் சரோஜாம்மாவும் வாயைத் திறக்காமல் பின்னாலேயே போய் மர நிழலில் நின்றிருக்கிறார். பேபியம்மா வேறு பக்கமாக வெளியே வந்து, இவரைக் காணாமல் முன்வாசலுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இவர் பின்னால் காத்திருக்கிறார், அவர் முன்னால் காத்திருக்கிறார். வண்டி போன பிறகுதான் வாசலில் ஒருவரையொருவர் கண்டுபிடித்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் பஸ் நிற்கிற இடம் தெரியும். ஒருவர் ஏறியிருந்தால்கூட வண்டி நின்றிருக்கும். ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை என்று நான் கேட்டேன். சரோஜாம்மா இலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இவங்கள உட்டுட்டு நான் மட்டும் வந்து உக்காந்தா, நாளைக்கு என் பொண்ணு கேக்க மாட்டாளா, எங்க மாமியார் எங்கேம்மான்னு?" பேபியம்மா தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து அவர் இலையில் வைத்தார். சரோஜாம்மாவின் பணமும் பையும் பஸ்ஸோடு போய்விட்டதால் சாப்பாடு பேபியம்மாவின் சுருக்குப்பைச் செலவு. மறுக்காமல் சாப்பிட்டாரே, அதைச் சொல்லுங்கள்.

அப்புறம்தான் சரோஜாம்மாவுக்கு அந்தக் கேள்வி வந்தது. எங்கள் இரண்டு பேரையும் ஒரே சீட்டில் உட்காரவைத்தது யார், எங்கள் பொண்ணு சொன்னாளா என்றார். பேபியம்மாவும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஆமாம் என்றால் நான் தப்பித்துவிடுவேன். ஆனால் இரண்டு அம்மாக்களும் என்மேல் இருக்கிற கோபத்தில்தான் ஒன்றாக நின்றுகொண்டிருந்தார்கள். நான் நல்லவனாகிவிட்டால் அந்தக் கோபம் எங்கே போகும்? பிள்ளைத்தாய்ச்சிப் பெண் தலையில்தான் விழும். "பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. அந்த ஒரு சீட்டுதான் காலியா இருந்துச்சு. எல்லாம் என் தப்பு" என்றேன். "பாத்தியா சம்மந்தி, நான் சொன்னேன் இல்ல, இந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு" என்றார் பேபியம்மா. சரோஜாம்மா முழு மனதோடு ஒத்துக்கொண்டார்.

ஆட்டோவில் சுண்ணாம்பாறு வரை திட்டிக்கொண்டே வந்தார்கள். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் எடுத்துக்கொடுத்தார். நான் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்து, முகத்தைத் தொங்கப்போட்டு வைத்திருந்தேன். அந்த முகத்தை அப்படி வைத்திருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மிஞ்சிய இரண்டு ஜாக்கெட்டையும் கடைசி போட்டில் அவர்கள்தான் போட்டுக்கொண்டார்கள். சாயங்காலம் கடற்கரைச் சாலையில் பாறைமேல் அலை அடிப்பதைப் பார்த்துக்கொண்டு சுண்டல் தின்றார்கள். திரும்பும்போது ஜன்னல் சீட்டில் சரோஜாம்மா இருந்தார், தலை பேபியம்மா தோளில் இருந்தது. வாந்தி வரவில்லை.

இத்தோடு விட்டார்களா? மறுநாளே இரண்டு பேரும் சேர்ந்து ஆபீசுக்கு வந்து முதலாளியிடம் புகார் கொடுத்தார்கள். உள்ளே கூப்பிட்டார். "வாங்க ஏழுமலை சார். உக்காருங்க." ரிட்டயர் ஆகிற வயதில் வேலை போனால் யாரிடம் போய் நிற்பது? முதலாளி முழுவதையும் கேட்டார். கடைசியில், இவ்வளவு பொறுப்பில்லாத ஆளை இனி வைத்திருக்க முடியாது, இன்றைக்கே நிறுத்திவிடுகிறேன் என்றார்.

இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேபியம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "அதெல்லாம் வாணாம்பா. நாங்க இன்னா ஆளு வேலையைக் கெடுக்கவா வந்தோம்? வர மாசம் எங்க பொண்ணுக்கு வளைகாப்பு. ரெண்டு ஊட்டு ஜனத்தையும் ஏத்தினு வர வண்டி வேணும். இந்த ஆளே வரட்டும்." எங்க பொண்ணு என்றது பேபியம்மா. சரோஜாம்மா அதற்குத் தலையாட்டினார்.

அவர்கள் போன பிறகு முதலாளி என்னைப் பார்த்தார். எதுவும் விசாரிக்கவில்லை. "டேய் ஏழுமலை, இனிமே பக்கத்து சீட்டை மட்டும் இல்ல, முன் சீட்டையும் சேத்துப் பாக்கச் சொல்லு" என்றார். டேய் என்று கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. அன்று முதல் எங்கள் பஸ்ஸில் இரண்டு கேள்வி.

வளைகாப்பில் வலது கைக்கு ஒருவர், இடது கைக்கு ஒருவர் என்று ஒரே நேரத்தில் வளையல் போட்டார்கள். கௌரி என்னைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக் காட்டினாள். அத்தனை வளையலும் கலகலத்தது. பாயசத்துக்கு ஒரு அண்டா போதும், இரண்டு அண்டா வைத்திருந்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்லி முடித்தபோது டீ ஆறிவிட்டது. பிள்ளைகளில் ஒருத்தி, இப்போது அந்த அம்மாக்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாள். நன்றாகத்தான் சண்டை போடுகிறார்கள், போட்டதும் இரண்டு பேரும் தனித்தனியாக எனக்குப் போன் போட்டு என்னையும் திட்டுகிறார்கள் என்றேன்.

போன வாரமும் பேபியம்மா கூப்பிட்டார். பேரனுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன் என்று அந்த சர்ச்சில் வேண்டிக்கொண்டார்களாம், குடும்பத்தோடு பாண்டிச்சேரி போகிறார்கள், நானும் வர வேண்டுமாம். நான் ரிட்டயர் ஆகிவிட்டேனே அம்மா, மைக் பிடிக்க இப்போது வேறு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றேன்.

"மைக்கு புடிக்க யாரு கூப்டா? மூணு சீட்டு சேந்தாப்ல போட்டாச்சு. நீ நடுவுல. இந்தாண்ட நானு, அந்தாண்ட என் சம்மந்தி. நீ காணாம பூட்டா நாங்க ரெண்டு பேரும் கத்துவோம், வா."